பத்து மில்லிமீட்டர் தாளும் நாற்பத்தொரு சென்டிமீட்டர் மழையும்

ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் திருப்பாலைக்குடி. கரையில் வல்லங்கள், ஊரை ஒட்டி உப்பளங்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் உப்பூர். அங்கே இருக்கிற பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். இந்தப் பக்கத்துச் சனங்களும் வெயிலை உகந்தவர்கள்தான். மாசி, பங்குனியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும் காயும் வெயிலை நம்பித்தான் பாத்தியில் உப்பு பூக்கிறது.

சித்திரையில் ஒருநாள் அங்கே போயிருந்தேன். முந்தின இரவு கொஞ்சம் மழை. சாலை அதற்குள் காய்ந்துவிட்டது. உப்பளத்தில் ஒரு பெரியவர் வரப்பில் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் பாத்தி கலங்கிக் கிடந்தது.

"நாலு தூத்தல்தான் தம்பி விழுந்துச்சு. ரெண்டு நாள்ல வாருற உப்பு. எல்லாம் போச்சு."

"எத்தனை நாளாகும்ணே மறுபடி பூக்க?"

"வெயிலு எப்படி காயுதோ அப்படி. மறுபடி மொதல்லேருந்துதான்."

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. கடல் நீரின் செறிவு போமே அளவில் மூன்று டிகிரியை ஒட்டி இருக்கும். உப்பு பூக்க அது இருபத்தைந்தை நெருங்க வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்க வைப்பது வெயிலும் காற்றும் மட்டும். விழுந்த மழை 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் பாத்தியில் அது ஏறத்தாழ 20 ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர். இரண்டு டேங்கர் லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து உப்புப் பாத்தியில் திறந்துவிட்ட மாதிரி.

அன்றைக்கு என் கைபேசியில் ஒரு மழை வரைபடம் இருந்தது. மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் நாள்தோறும் பதிவான அளவுகளை எடுத்து, ஒவ்வொரு நாளும் எந்த நிலையத்தில் அதிகமோ அந்த எண்ணை மட்டும் எக்செல்லில் வரிசையாகப் போட்டு நானே உருவாக்கியது. 2024 நவம்பரும் அதை அடுத்து வந்த கோடையும் அதில் இருந்தன. பெரியவரிடம் காட்டலாம் என்று எடுத்தேன். நவம்பர் 20-இல் ஒற்றைத் தூண் வானத்துக்கு நிமிர்ந்து நின்றது. மற்ற நாட்களெல்லாம் அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடந்தன. அவருடைய பாத்தியைக் கரைத்த மாதிரியான கோடை மழைகளை அந்தப் படத்தில் தேடினேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எண்கள் அட்டவணையில் இருந்தன, படத்தில் இல்லை. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அந்தத் தூண் பொய்யில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 41 செ.மீ. மழை கொட்டியது. பாம்பனில் பகல் பதினொன்றரையிலிருந்து இரண்டரைக்குள், மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. மேகவெடிப்பு என்றே வானிலைத் துறை அதைச் சொன்னது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவம் முழுவதற்கும் இயல்பாகக் கிடைப்பது ஏறத்தாழ 50 செ.மீ.; அதில் ஐந்தில் நான்கு பங்கை ராமேசுவரம் ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. இப்படி ஒரு நாளை வரைபடத்தில் சேர்த்தால் மற்ற நாட்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அந்தக் கவலை பழையவர்களுக்கும் இருந்திருக்கிறது. அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் போனபோது நான் எதிர்பார்க்காதவை கிடைத்தன.

இந்தச் சீமையில் மழையை மில்லிமீட்டரில் கேட்கும் வழக்கம் அண்மையில் வந்தது. முன்பெல்லாம் "எத்தனை உழவு பேஞ்சிருக்கு?" என்றுதான் கேட்பார்கள். ஒரு தடவை ஏர் பூட்டி உழுகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் ஓர் உழவு மழை. மானாவாரிக்காரனுக்கு அதுதான் தேவையான அளவு. ஒரே இரவில் ஊரே மிதக்கப் பெய்தாலும் அதை யாரும் நாற்பது உழவு, ஐம்பது உழவு என்று கணக்குச் சொன்னதில்லை. மண் குடித்தது போக மிச்சம் ஓடிவிடும். அளவுகோலும் அங்கேயே நின்றுவிடும்.

கண்மாயும் அப்படித்தான். திருப்பாலைக்குடிக்கு மேற்கே ராஜசிங்கமங்கலத்தில் இருக்கிறது பெரிய கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று அதன் பரப்பைச் சொல்வார்கள். ஒரு கரையிலிருந்து கிளம்பிய நாரை மறுகரை போய்ச் சேராது என்பது ஊர்ப்பேச்சு. அந்தக் கண்மாய்க் கரையில் நின்று மழையைப் பேசுகிறவர்கள் இவ்வளவு மட்டம் ஏறியது, அரைக் கண்மாய், முக்கால் கண்மாய், நிறைகண்மாய் என்பார்கள். நிறைந்த பிறகு "மறுகால் போகுது" என்ற ஒரே சொல். மறுகால் போகும்போது ஒரு சாண் போனாலும் ஓர் ஆள் உயரம் போனாலும் நிறைகண்மாய் நிறைகண்மாய்தான். மறுகால் பாயும் கலுங்கு உடையும் அளவு வெள்ளம் வந்தால் அது தனிச் செய்தி. அதற்குத் தனி நினைவு. இன்ன வருஷத்து வெள்ளம் என்று பெயரே வைத்துவிடுவார்கள். அன்றாட மழையின் கணக்கில் அதைப் போட்டுக் கலக்கியதில்லை. வரைபடம் போடுகிற எவரும் படிக்க வேண்டிய பாடம் அந்தக் கலுங்கில் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அளவுகோலுக்கு ஒரு மேல்வரம்பு, அதைத் தாண்டியதற்கு ஒரு தனி வழி.

உப்பளத்துக்கு மட்டும் இந்த அளவுகள் போதவில்லை. ஓர் உழவில் பாதிகூட நனையாத தூறல் பாத்தியைக் கெடுத்துவிடும். அதனால் உப்புக்காரர்களின் கணக்கு வேறு. மழை விழுந்ததா இல்லையா, வாரிக் குவித்த உப்பு அம்பாரம் மூடியிருந்ததா இல்லையா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அன்று பனையோலை வேய்ந்து அம்பாரத்தை மூடினார்கள். இன்று தார்ப்பாய். வானத்தைப் பார்க்கும் பார்வை மாறவில்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் மழைமானி வந்தது. சைமன்ஸ் மழைமானி என்று பெயர். ஐந்து அங்குல விட்டமுள்ள புனல், அதற்குக் கீழே ஒரு பாட்டில். நாள்தோறும் காலையில் பாட்டிலில் சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துப் பேரேட்டில் எழுத வேண்டும். இன்று மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைதான். பேரேடு என்பது எண்களின் பத்தி. அதில் 2.4-க்கும் 411-க்கும் ஒரே அளவு கட்டம். எந்த எண்ணும் இன்னோர் எண்ணை மறைக்காது. படிக்கிறவருக்குப் பொறுமை இருந்தால் போதும்.

ஆனால் என்னை நிற்க வைத்தது பேரேடு இல்லை, தானே பதிவு செய்யும் பழைய மழைமானி. பல வானிலை நிலையங்களில் பல பத்தாண்டுகள் அது வேலை செய்தது. புனலில் விழும் மழை ஓர் உருளைக்குள் இறங்கும். உள்ளே ஒரு மிதவை. மிதவையின் தண்டில் ஒரு பேனா. எதிரே கடிகாரப் பொறியால் ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றும் பீப்பாயில் தாள் சுற்றியிருக்கும். மழை பெய்யப் பெய்ய மிதவை ஏறும், பேனா தாளில் மேலே கோடு இழுக்கும். தாளின் உயரம் மொத்தமே 10 மி.மீ. மழைக்குத்தான். பத்து நிரம்பியதும் வளைகுழாய் வழியாக உருளை தானாகவே காலியாகிவிடும். பேனா சரேலென்று பூஜ்யத்துக்கு விழும். மறுபடி ஏறத் தொடங்கும்.

இதை முதலில் படித்தபோது தாளின் உயரம் ஏன் இவ்வளவு குறைவு என்று தோன்றியது. யோசிக்க யோசிக்கத்தான் அதன் அழகு புரிந்தது. அந்தத் தாளில் சாதாரணத் தூறல் விரல் உயரத்துக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அரை மி.மீ. பெய்தால்கூடப் பேனா எழும்பியது கண்ணுக்குத் தெரியும். பெருமழை வந்தால் கோடு உயரமாவதில்லை, நெருக்கமாகிறது. பாம்பனில் பெய்த 19 செ.மீ. அப்படிப்பட்ட கருவியில் பதிவாகியிருந்தால் பேனா மூன்று மணி நேரத்தில் பத்தொன்பது தடவை ஏறி விழுந்திருக்கும். ஒன்பதரை நிமிடத்துக்கு ஒரு தடவை. தாளின் அந்தப் பகுதி முழுக்க மசிக்கோடுகளாக மூடியிருக்கும். பார்த்தவுடன் ஏதோ பயங்கரம் நடந்தது என்று தெரியும். அதே தாளில், அதே காலையில் பெய்த தூறலும் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். ஒன்று மற்றதை நசுக்காது. பேனா விழும் அந்தச் சில விநாடிகளில் பெய்வது கணக்கில் வராது என்ற சிறு குறை உண்டு. பெருமழையில் அது கொஞ்சம் கூடும். அதைக் குவளைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்வார்கள்.

கையால் படம் போட்டவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. மில்லிமீட்டர் கட்டத் தாளில் பென்சிலால் தூண் தூணாகப் போட்டுக்கொண்டு போகும்போது திடீரென்று ஓர் எண் தாளின் விளிம்பைத் தாண்டும். அப்போது அவர் நின்று யோசித்தாக வேண்டும். அளவை மாற்றி எல்லாவற்றையும் அழித்துப் போடுவதா, தூணை மேலே வெட்டி இரண்டு சாய்கோடு போட்டு எண்ணைப் பக்கத்தில் எழுதிவிடுவதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். வெட்டிய இடம் தெரியும், எண் எழுதியிருக்கும், யாரும் ஏமாற மாட்டார்கள். பொறியாளர்களுக்கு வேறு தாள்களும் இருந்தன. எழுதுபொருள் கடையில் மடக்கைத் தாள் கேட்டால் கிடைக்கும்: அதில் ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து நூறு, நூறிலிருந்து ஆயிரம் எல்லாம் ஒரே இடைவெளி. ஆண்டுக்கு ஒன்றாக உச்ச மழையை மட்டும் பொறுக்கி, அதற்கென்றே அச்சிட்ட கும்பெல் தாளில் புள்ளி வைப்பார்கள். எமில் கும்பெல் என்ற கணிதர் உச்ச அளவுகளின் கணக்கை 1958-இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். பாலத்துக்கும் அணைக்கும் கலுங்குக்கும் அந்தத் தாள்தான் தேவை. அன்றாட மழைக்கு ஒரு தாள், அபூர்வ மழைக்கு வேறு தாள் என்று பிரித்து வைத்திருந்த காலம் அது.

இப்போது என்ன நடக்கிறது? மழைமானிக்குள் சின்னஞ்சிறு வாளி நிறைந்து கவிழ்கிற ஒவ்வொரு தடவையும் ஓர் எண் தானாகப் போய்ச் சேருகிறது. தரவு அன்றைவிடப் பல மடங்கு. படம் போட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தான் முதலில் செய்வது பட்டியலில் இருக்கும் மிகப் பெரிய எண்ணைத் தேடுவதுதான். அது முழுக்கத் தெரியும்படி அளவுகோலைத் தானே அமைத்துக்கொள்ளும். தாளின் விளிம்பில் பென்சிலை நிறுத்தி யோசித்த அந்த ஒரு கணம் காணாமல் போய்விட்டது. நான் பெரிதாக வருந்துவது இதற்குத்தான்.

அதன் விளைவை அளந்தே பார்க்கலாம். படத்தின் உயரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரத்தின் 411 மி.மீ. அந்த உயரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 5 மி.மீ. மழைக்குக் கிடைப்பது 1.2 மி.மீ. உயரம். காயல்பட்டினத்தையும் அதே படத்தில் சேர்த்தால் இன்னும் மோசம். 2023 டிசம்பர் 17, 18-இல் அங்கே 24 மணி நேரத்தில் பெய்தது 95 செ.மீ. அந்த அளவுகோலில் 5 மி.மீ. மழை அரை மில்லிமீட்டர். கூர் தீட்டிய பென்சில் கோட்டின் தடிமன். உப்பளத்துப் பெரியவரின் இழப்பு ஒரு கோட்டின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்கிறது.

சிலர் சுலபமான வழி ஒன்றைச் சொல்வார்கள். அந்த ஒரு நாளை எடுத்துவிடு, படம் அழகாக வந்துவிடும். இதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். இந்தக் கடற்கரையில் அப்படிச் சொல்வதற்கு மனம் துணியக் கூடாது. 1964 டிசம்பர் 22 புயல் இரவை எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது? அந்த ஒரு இரவில் தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து போன பயணி ரயில் அதில் இருந்தவர்களோடு போனது. சராசரிக் காற்றை வைத்துப் பாம்பனில் பாலம் கட்ட முடியாது. பழைய பாலத்தில் அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். வருஷத்தில் சில நாட்களுக்காக வைத்த ஏற்பாடுதான் மற்ற எல்லா நாட்களையும் காப்பாற்றியது.

உலக அளவிலும் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அண்டார்க்டிக்காவின் மேலே ஓசோன் படலம் மெலிவதை 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தரையிலிருந்து அளந்து வெளியிட்டார்கள். அமெரிக்கச் செயற்கைக்கோளும் அதே குறைந்த எண்களை அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்று அந்த எண்களுக்குச் சந்தேகக் குறி விழுந்து அவை ஒதுங்கிக் கிடந்தன. விலகி நிற்கும் புள்ளி கருவியின் பிழையாகவும் இருக்கலாம், உலகத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். போய்ப் பார்க்காமல் அழித்துவிடுவது பெருந்தவறு.

சராசரி என்ற எண்ணும் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். கற்பனையாக ஐந்து நவம்பர்களை எடுத்துக்கொள்வோம்: 18, 21, 16, 24, 71 செ.மீ. சராசரி 30 வருகிறது. ஐந்தில் நான்கு வருஷம் முப்பதைத் தொடவே இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 21. இடைநிலை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். கடைசி எண் 71-க்குப் பதில் 171 ஆனாலும் இடைநிலை 21-லேயே நிற்கும். விதைப்புக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்கிற திருவாடானை விவசாயிக்கு இருபத்தொன்று என்பதே நேர்மையான பதில். புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பவரிடம் முப்பது என்று சொன்னால் அவர் பயிர் கருகும்.

மாவட்டச் சராசரியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் அன்றாட மழைப் பட்டியலில் நெடுங்காலமாகப் பதினாறு நிலையங்கள்: ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தொண்டி, வட்டாணம், தீர்த்தாண்டதானம், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை, கமுதி, கடலாடி என்று போகும். ராமேசுவரத்தின் 411 மி.மீ. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பதினைந்திலும் சொட்டு மழை இல்லை என்று கொண்டாலும், பதினாறால் வகுத்தால் 25.7 மி.மீ. வந்துவிடும். மாவட்டம் முழுவதும் இரண்டரை சென்டிமீட்டர் பெய்தது என்று படிக்கிறவர் நினைப்பார். அந்தப் பட்டியலில் திருப்பாலைக்குடிக்கென்று தனி வரி கிடையாது. பக்கத்து ஆர்.எஸ்.மங்கலத்தையும் தொண்டியையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ராமேசுவரம் தீவில் கொட்டிய மழையின் நிழல் இங்கே விழுந்தால் ஊகமும் கெட்டுவிடும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து என் படத்தைத் திரும்பப் போட்டேன். முதலில் மடக்கை அளவுகோல். சிறு மழைகள் எழுந்து நின்றன, ஆனால் வேறொரு தொல்லை வந்தது. மடக்கை பூஜ்யத்தை ஏற்காது. எங்கள் சீமையில் வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் பூஜ்யம்தானே! வறண்ட நாட்களைக் காட்ட முடியாத படம் ராமநாதபுரத்துக்கு எதற்கு? இன்னொன்று, 41 செ.மீ. மழை 4 செ.மீ. மழையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்ற மாதிரித் தோற்றம். மடக்கைக்குப் பழகாத கண் அதைத் தப்பாகப் படிக்கும். ராமேசுவரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர் அந்தப் படத்தைப் பார்த்தால் மனம் நோவார்.

அடுத்து வர்க்கமூல அளவுகோல். இது பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே வைத்துக்கொள்ளும். 10 செ.மீ. உயரப் படத்தில் 5 மி.மீ. மழைக்கு இப்போது 1.1 செ.மீ. கிடைக்கிறது, முன்பைப் போல ஒன்பது மடங்கு. 20 மி.மீ. மழை 2.2 செ.மீ.; 80 மி.மீ. மழை 4.4. ராமேசுவரத் தூண் உச்சியிலேயே நிற்கிறது, ஆனால் மற்றவற்றை மிதிக்கவில்லை. பரவாயில்லை என்று தோன்றியது. என்றாலும் இடப்பக்க எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது பேசும். உப்பளத்துக்கு எடுத்துப் போக ஏற்றதாக எனக்குப் படவில்லை.

கடைசியில் மிதவைப் பேனாவும் கண்மாயும் சொன்னபடியே செய்தேன். இரண்டு படம். மேலே ஒரு சிறிய படம்: எல்லா நாட்களும், முழு அளவில், நவம்பர் 20-இன் தூண் தன் முழு உயரத்தோடு. கீழே பெரிய படம்: அதே நாட்கள், 30 மி.மீ. வரைக்கும் மட்டும். முப்பதைத் தாண்டிய ஒவ்வொரு தூணையும் மேலே வெட்டி, வெட்டிய இடத்தில் சாய்கோடு போட்டு, அதன் தலையில் உண்மையான எண்ணை எழுதினேன். இரண்டு படத்திலும் நாட்கள் நேர்க்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி வைத்தேன். ஒரே தேதியைக் கண் மேலும் கீழும் தேடக் கூடாது. இப்படிப் போட்ட படத்துக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கூடவே ஓர் எண்ணிக்கையும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் மட்டுமே வானிலைத் துறை அதை மழைநாள் என்று கணக்கிடும். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. எத்தனை நாள் எந்த வகை என்று எண்ணிப் பார்த்தால் 411 என்பதும் ஒரு நாள்தான். கண்மாய்க்காரரின் நிறைகண்மாய் மாதிரி. மழைநாட்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறதா, பெய்கிற மழை சில நாட்களில் குவிகிறதா என்பதைக் கேட்க இந்த எண்ணிக்கையைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஜான் டூக்கி 1977-இல் எழுதிய தரவாய்வு நூலில் பரப்பிய பெட்டி வரைபடத்திலும் இதே நியாயம் இருக்கிறது: நடுவில் உள்ள பாதிப்பேர் ஒரு பெட்டிக்குள், ரொம்ப விலகியவர்கள் வெளியே தனித்தனிப் புள்ளியாக. யாரும் விடுபடவில்லை.

மீனுக்கும் இது பொருந்தும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முன்பு இருந்தது நம் மண்டபத்தில்தான். தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனது. அவர்கள் எடுத்த கணக்கில் கேரளத்தின் மத்திச் சாளைப் பிடிப்பு 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021-இல் சுமார் 3,300 டன். சாதாரணப் படத்தில் இரண்டாவது எண் அடிக்கோட்டில் ஒட்டிய தூசு. அடுத்த வருஷம் அது இரட்டித்தாலும் பாதியானாலும் படம் காட்டாது. இங்கே மடக்கைத் தாள்தான் கைகொடுக்கும், ஏனென்றால் பூஜ்யம் இல்லை, கேள்வியும் எத்தனை மடங்கு என்பதுதான். வல்லத்துக்காரர்களுக்குப் பாடு கண்ட நாள் ஒன்று, வெறுங்கையோடு திரும்பிய நாள் பல. அந்தப் பல நாட்களின் ஏற்ற இறக்கத்தில்தான் டீசல் கடன் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பழைய படம் ஒரு தாள், புதியது ஒரு தாள் என்று அச்செடுத்துக்கொண்டு திருப்பாலைக்குடிக்குப் போனேன். வெயில் நன்றாகக் காய்ந்தது. பாத்தி ஓரத்தில் வெள்ளை ஏறத் தொடங்கியிருந்தது. பெரியவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு முதலில் என் பழைய படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது ராமேசுவரத்து மழையா?"

"ஆமாண்ணே."

"அன்னைக்கு இங்கெ உப்பே கிடையாதே தம்பி. கார்த்திகைல எவன் பாத்தி கட்டுவான்?"

இரண்டாவது தாளைக் கொடுத்தேன். கீழ்ப்படத்தை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நேரமெடுத்துப் பார்த்தார். உப்பு அரித்து வெடித்த விரல் தேதிகளின் மேலே மெல்ல நகர்ந்தது. சித்திரைத் தூணில் நின்றது. "இதானே அது," என்றார். பிறகு விரல் இடப்பக்கம் போய்ப் பங்குனியில் இன்னொரு குட்டித் தூணில் நின்றது.

"இது என்னைக்கு?"

தேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மறந்தே போயிருந்தேன். அன்னைக்கும் ராத்திரிதான். அம்பாரத்து மேல தார்ப்பாய் போட்டிருந்தோம், கிழக்கால பக்கம் மட்டும் திறந்து கெடந்துச்சு."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அம்பாரத்தைச் சுற்றி வந்து, கிழக்குப் பக்கத்துத் தார்ப்பாயின் முனையை இழுத்து, அதன் மேல் இரண்டு கல்லைத் தூக்கி வைத்தார்.